கதை தெரியாமல் வுகோங்கை ஆடலாமா?

‘பிளாக் மித்: வுகோங்’ என்ற சீன வீடியோ கேமை வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, கரடியை அடித்து முதல் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டேன், ஆனால் யார் யாரோடு எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை என்கிறீர்கள். சீனர்களின் மூல நூலைப் படித்துவிட்டுத்தான் தொடர வேண்டுமா, அந்தக் கதையே தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் எப்படி இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

படிக்க வேண்டாம், தொடருங்கள். மூல நூல் ‘மேற்குப் பயணம்’. நூறு அத்தியாயங்கள், கிடைத்திருப்பவற்றில் பழைய அச்சுப் பதிப்பு 1592இல் வந்தது. அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் அடுத்த வருடம்தான் எடுப்பீர்கள். அதோடு, அதை முழுக்கப் படித்த சீன ஆட்டக்காரருக்கும் இந்த விளையாட்டில் பாதி விஷயம் புதிர்தான். காரணம் இருக்கிறது.

இது மூலக் கதையை மறுபடி சொல்லும் விளையாட்டு இல்லை. மூலக் கதை முடிந்த இடத்தில் தொடங்குகிறது. நூலின் கடைசியில் சுன் வுகோங் என்ற குரங்கு, தன் குருவான துறவியை இந்தியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, புத்தர்களில் ஒருவனாக ஆகிவிடுகிறான். அதோடு மங்களம். விளையாட்டோ அவன் அந்தப் பதவியை உதறிவிட்டுத் தன் பூ-கனி மலைக்குத் திரும்பியதாகத் தொடங்குகிறது. வானுலகம் படையனுப்புகிறது. வுகோங் வீழ்கிறான். அவனுடைய சாரம் ஆறு துண்டாகச் சிதறுகிறது: கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம். நீங்கள் ஆடுவது வுகோங்கை இல்லை. அந்த ஆறையும் தேடிப் புறப்பட்ட, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத, பெயரில்லாத இன்னொரு குரங்கை. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கதை தெரியாதவர் இதில் தொலைந்துபோவதில்லை. கதாநாயகன் நிற்கும் அதே இடத்தில் நிற்கிறார். வெளிநாட்டு ஆட்டக்காரரைத் தடுக்காத முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, இந்தக் குரங்கு வெளிநாட்டுக்குப் புதியவன் இல்லை. ‘டிராகன் பால்’ காமிக்ஸ் ஜப்பானில் தொடங்கியது 1984இல். அதன் நாயகன் சோன் கோகு என்ற பெயர், சுன் வுகோங் என்ற அதே எழுத்துகளின் ஜப்பானிய உச்சரிப்பு. வால், நீளும் தடி, மேலே ஏறிப் பறக்கும் மேகம் மூன்றும் சீனக் குரங்கிடம் இருந்து வந்தவை. அதே 1984இல் கேப்காம் ‘சோன்சோன்’ என்று ஓர் ஆர்கேட் விளையாட்டை இதே கதையை வைத்து வெளியிட்டது. 2010இல் பிரிட்டனின் நிஞ்சா தியரி ‘என்ஸ்லேவ்டு’ என்ற பெயரில் கதையை எதிர்கால அமெரிக்காவுக்கே தூக்கிக்கொண்டு போனது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, ‘டோட்டா 2’, ‘ஸ்மைட்’ எல்லாவற்றிலும் தடியோடு ஒரு குரங்கு நிற்கிறது. பிரேசிலில் ஒரு பையன் மேற்குப் பயணத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். ஆனால் மயிரைப் பிடுங்கி ஊதினால் பத்துக் குரங்கு வரும் என்றால் அவனுக்கு ஆச்சரியமாக இருக்காது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாற்பது வருடமாக ஜப்பானும் அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தக் குரங்கை வைத்து ஆடியபோது, கதைக்குச் சொந்தக்கார நாடு என்ன செய்துகொண்டிருந்தது? அங்கேயும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தைவானின் சாஃப்ட்ஸ்டார் 1995இல் வெளியிட்ட ‘வாளும் தேவதையும்’ (சீனப் பெயரில் சியான்ஜியான்) ஒரு தலைமுறையையே அழவைத்த விளையாட்டு; மனிதரைப் படைத்த பாம்புடல் தேவி நூவாவின் வழித்தோன்றல்தான் அதன் நாயகி. சீன மொழி பேசும் உலகத்துக்கு வெளியே அதைத் தெரிந்தவர் குறைவு. பெருநிலச் சீனாவில் 2000 முதல் 2014 வரை கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) விற்பனைக்குத் தடை இருந்தது. திருட்டுப் பிரதிகள் வேறு. இலவசமாகக் கொடுத்து, ஆடுபவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கறக்கும் ஆன்லைன் விளையாட்டுகள்தான் பிழைத்தன. அதைத் தாங்க முடியாமல் ஃபெங் ஜி என்ற இளைஞர் 2007இல் ‘நம் விளையாட்டைக் கொன்றது யார்?’ என்று ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அவரே டென்சென்ட் என்ற சீனப் பெருநிறுவனத்தில் சேர்ந்து, வுகோங் கதையை வைத்தே ஓர் ஆன்லைன் விளையாட்டில் வேலை செய்தார். 2014இல் யாங் ச்சீ உள்ளிட்ட சகாக்களோடு வெளியேறி கேம் சயின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2020 ஆகஸ்ட் 20 அன்று அவர்கள் வெளியிட்ட 13 நிமிடக் காட்சி, முதன்மையாக வேலைக்கு ஆள் தேடிப் போட்டது. உலகமே பார்த்துவிட்டது. சரியாக நான்கு வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 20 அன்று விளையாட்டு வந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 24 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆடினார்கள். மூன்றே நாளில் எல்லாத் தளங்களிலும் சேர்த்து ஒரு கோடிப் பிரதிகள் விற்றன.

வெளிநாட்டுக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். அந்த முதல் அலையில் வாங்கியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சீனாவில் இருந்தவர்கள். ஒரு கோடி என்ற எண்ணை வைத்து வெளிநாட்டு ஈர்ப்பை அளந்தால் கணக்கு தப்பும். ஆனாலும் வெளியே எடுபடவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த அதிரடி விளையாட்டு என்ற விருது இதற்குக் கிடைத்தது. அது பெரும்பகுதி பல நாட்டு விமர்சகர்களின் வாக்கால் முடிவாவது. ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை ‘ஆஸ்ட்ரோ பாட்’ தட்டிக்கொண்டு போனது வேறு கதை.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். இந்த விளையாட்டு தன்னை விளக்கிக்கொண்டே இருப்பதில்லை. மற்ற நாட்டவருக்குப் புரிய வேண்டும் என்று எதையும் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யவில்லை. ஆங்கிலப் பதிப்பில்கூட அரக்கன் என்று பொதுவாகச் சொல்லாமல் ‘யாவோகுவாய்’ என்றே விட்டிருக்கிறார்கள். விலங்கோ செடியோ பொருளோ நெடுங்காலத் தவத்தால் உயிரும் உருவமும் பெற்றால் அது யாவோகுவாய். மேற்கத்திய டிராகன் நெருப்பு கக்கும் கொடிய பிராணி. சீன நாகம் மழைக்கும் நீருக்கும் அதிபதி. அதனால் அதற்கு ‘லூங்’ என்றே பெயர். ஓர் அமெரிக்கர் இந்தச் சொற்களைக் கூகுளில் தேடித்தான் ஆக வேண்டும். அவர்கள் தேடினார்கள். ஆளாளுக்குக் காணொளி போட்டு ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். புரியாமல் இருப்பதும் ஒரு சுவை. தன் மீது நம்பிக்கை உள்ள படைப்பில் அது கிடைக்கும்.

அதோடு, புராணம் இதில் பேச்சில் வருவதைவிடக் கையில் அதிகம் வருகிறது. மூல நூலின் ஆறாம் அத்தியாயத்தில் மூன்று கண் கொண்ட வானுலக வீரன் எர்லாங்குக்கும் வுகோங்குக்கும் உருமாற்றப் போட்டி நடக்கும். இவன் சிட்டுக்குருவியானால் அவன் பருந்து. இவன் மீனானால் அவன் மீன்கொத்தும் பறவை. கடைசியில் வுகோங் ஒரு சிறு கோயிலாகவே மாறிவிடுகிறான்: வாய் வாசல், பல் கதவு, நாக்கு உள்ளே இருக்கும் சிலை, கண்கள் ஜன்னல். வாலை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொடிமரமாக்கிக் கோயிலுக்குப் பின்னால் நட்டுவைக்கிறான். கோயிலுக்குப் பின்னால் எவனாவது கொடிமரம் நடுவானா என்று எர்லாங் கண்டுபிடித்துவிடுகிறான். இதைப் படிக்காத ஒருவரும் விளையாட்டில் தான் வீழ்த்திய ஓநாயின் உருவெடுத்து, எரியும் இருமுனை ஆயுதத்தைச் சுழற்றும்போது இதே குறும்பை விரலால் உணர்ந்துவிடுகிறார். ஒரு பெரிய பாஸை, அதாவது எதிரித் தலைவனை, அசையாமல் நிறுத்தும் மந்திரம், மயிரைப் பிடுங்கிப் படை திரட்டுவது, தடியைத் தரையில் ஊன்றி அதன் உச்சியில் ஏறி நிற்பது எல்லாம் நூலில் வரிகளாக இருந்தவை, இங்கே பொத்தான்கள் ஆகியிருக்கின்றன. பொத்தானுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

கல்லும் மரமும் இன்னொரு காரணம். நீங்கள் நடந்துவந்த கோயில்கள் பல உண்மையானவை. விளையாட்டுக்காக நிஜ இடங்களில் போய் அளந்து, படமெடுத்து, முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள். அப்படிப் பயன்பட்ட 36 இடங்களில் 27 ஷான்ஷி மாகாணத்தில் இருக்கின்றன. வறண்ட காற்று, பெரிய வளர்ச்சி எட்டாத மலைப்பகுதிகள் என்பதால் சீனாவின் மிகப் பழைய மரக்கட்டடங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தப்பிப் பிழைத்தன. 857இல் கட்டிய ஃபோகுவாங் கோயில் மண்டபம், 1056இல் எழுந்த யிங்சியான் மரக்கோபுரம், சுவர் முழுக்க வண்ணச் சுதைச் சிற்பங்கள் தொங்கும் ஷியாவோ ஷிதியான் என எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விளையாட்டு வந்த பிறகு அந்தச் சின்ன ஊர்களுக்குக் கூட்டம் குவிந்தது. திரையில் ஒரு சிலையின் மூக்கு உடைந்திருந்தால் நிஜத்திலும் அது உடைந்திருக்கிறது. கற்பனை நகரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பழமையின் எடை தெரிந்துவிடுகிறது, பெயர் தெரியாவிட்டாலும்.

தமிழ் வாசகரான உங்களுக்கு ஒரு கூடுதல் சலுகை உண்டு. அமெரிக்கர் அகராதி புரட்டும் இடங்களில் சிலவற்றை நீங்கள் காதால் பிடித்துவிடலாம். கதையில் வரும் துறவி வேறு யாருமில்லை, பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த யுவான் சுவாங்கின் கற்பனை வடிவம். நிஜ யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரம் வரை வந்தவர். நரசிம்மவர்மப் பல்லவன் காலம் அது. நீங்கள் முடித்த முதல் அத்தியாயத்தின் சண்டை முழுக்க ஒரு துணிக்காக. துறவியின் போர்வை. சீனத்தில் ‘ஜியாஷா’. அது வடமொழி ‘காஷாயம்’தான். இருநூற்றெழுபது வயது மூத்த துறவி ஒருவர் அந்தக் காஷாயத்தின் மேல் ஆசைப்பட்டு, விருந்தாளியைத் தீவைத்துக் கொல்லப் பார்க்கிறார். அந்தத் தீயின் சந்தடியில் பக்கத்து மலைக் கரடி அதைத் திருடிக்கொண்டு போகிறது. துறவை அடையாளம் காட்டும் துணிமேலேயே பேராசை! நூலில் கடைசியில் குவான்யின், அதாவது கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர், அந்தக் கரடியை அடக்கித் தன் மலைக்குக் காவலாக அழைத்துப்போகிறார். அந்த மலையின் பெயர் பொதலகம் என்பதன் சீன வடிவம். நிஜ யுவான் சுவாங் தன் பயணக் குறிப்பில் பொதலக மலையைத் தென்னாட்டின் மலகூட தேசத்தில் வைக்கிறார். அதைப் பொதிகை மலையோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. முதன்முதல் இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பத்துத் தடவை செத்து, பதினோராவது தடவை வீழ்த்திய கரடி அது.

ஐந்தாம் அத்தியாயத்தில் சிவப்புப் பையன் என்ற அரக்கச் சிறுவன் ஏவும் தீ ‘சமாதித் தீ’; தியானத்தின் உச்சமான அதே சமாதி. கதையில் வரும் நெஜா என்ற பால தெய்வத்தின் பெயர் நளகூபரன் என்பதன் தேய்ந்த வடிவம்; கண்ணன் உரலை இழுத்து மருதமரங்களைச் சாய்த்து விடுவித்த அதே குபேரன் மகன். வுகோங்கே அனுமன்தான் என்று சொல்லிவிடலாமா என்றால் அவசரப்படக் கூடாது. 1923இல் சீன அறிஞர் ஹூ ஷி அனுமன்தான் மூலம் என்றார். எழுத்தாளர் லூ சுன் மறுத்து, சீனாவின் சொந்த நீர்க்குரங்கு வூஜிச்சியைக் காட்டினார். வழக்கு இன்னும் தீரவில்லை. தென்கிழக்குச் சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தின் கையுவான் கோயிலில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றில் வாளேந்திய குரங்கு ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில்தான் தமிழ் வணிகர்கள் 1281இல் சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டும் வைத்தார்கள். இதை வைத்து முடிவு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கதைகள் கப்பலில் எந்த இடத்தில் இறங்கியிருக்கலாம் என்று யோசிக்க அந்த ஊர் போதும்.

மிச்ச ஆட்டத்துக்கு நான்கு விஷயம் கையில் இருந்தால் போதும். தலையில் இறுகும் தங்க வளையம்: வுகோங் அடங்காதபோது குரு மந்திரம் சொன்னால் அது மண்டையை நெரிக்கும்; நூலின் முடிவில் அவன் புத்தனானதும் தானாக மறைந்துவிடும். விளையாட்டின் தொடக்கத்தில் அது மறுபடி தோன்றுவதைப் பார்த்து சீன ஆட்டக்காரர்கள் திடுக்கிட்டது அதனால்தான். முடிவு வரும்போது அந்த வளையத்தை மட்டும் கவனியுங்கள், வேறெதுவும் சொல்ல மாட்டேன். அடுத்து, மூன்றாம் அத்தியாயத்துப் புருவக்காரன் ஹுவாங் மெய், போலிக் கோயில் கட்டிப் புத்தர் வேடம் போட்டவன். உண்மையில் இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் எடுபிடிப் பையன். அவன் கேட்கும் கேள்விகள் மட்டும் போலி இல்லை. பன்றி முகத்து ஜூ பாஜியே வுகோங்கின் பழைய சக சீடன், சாப்பாட்டுராமன். நான்காம் அத்தியாயத்தில் அவனுடைய பழைய காதல் ஒன்று வெளிவரும். எர்லாங்கைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அவன் எதிரியா, இல்லையா என்பதை மறைவான பகுதி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் அறிவீர்கள். தேடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. போக முடியும் போலத் தோன்றும் இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சுவர் முட்டுகிறது. வரைபடம் டிசம்பர் 2024 புதுப்பிப்பில்தான் வந்தது. அத்தியாயங்களின் கவிதை வரிகள் ஆங்கிலத்தில் பாதி செத்துவிடுகின்றன. பெண் பாத்திரங்களுக்கு இடமும் குறைவு, ஆழமும் குறைவு. வெளியீட்டின்போது விளையாட்டை இணையத்தில் நேரலையாக ஆடிக்காட்டும் சில ஒளிபரப்பாளர்களுக்கு, பெண்ணியம், கொரோனா போன்றவற்றைப் பேசக் கூடாது என்று நிபந்தனை அனுப்பப்பட்டது. அது தவறு என்றே நினைக்கிறேன். வுகோங் என்பவனே வானுலகத்தின் கட்டளையைக் கிழித்துப் போட்டவன். அவன் பெயரில் வாய்ப்பூட்டு போடுவது கதைக்கே பொருந்தவில்லை.

இந்தக் குரங்கைத் தாண்டியும் ஒரு வழி இருக்கிறது என்று காட்டியது தைவானின் ரெட் கேண்டில் 2024 மே மாதம் வெளியிட்ட ‘நைன் சோல்ஸ்’. வானத்தில் பத்துச் சூரியன் எரிந்தபோது ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய வில்லாளி யீயின் பழங்கதையை எடுத்து, அந்தச் சூரியன்களை ஒரு விண்வெளி நாகரிகத்தின் அதிபதிகளாக்கி, யீயையே அவர்களில் ஒருவனாக வைத்துவிட்டார்கள். தாவோ தத்துவமும் இயந்திரமும் கலந்த உலகம், கையால் வரைந்த ஓவியம். புராணத்தை இவ்வளவு தைரியமாக வளைத்து, அதன் வலியை மட்டும் வளையாமல் வைத்திருந்த விளையாட்டு வேறு எனக்குத் தெரியாது. சிறிய குழு செய்தது. வுகோங்கை முடித்ததும் அதை எடுங்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’ இன்னொரு வகை. 2020இல் ஷாங்காயின் மிஹோயோ வெளியிட்டது. லியுவே என்ற கற்பனை நாட்டுக்குள் சீனத் தெய்வங்களின் சாயலைக் கரைத்துக் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் அதில் வந்த பீகிங் ஓப்பரா பாட்டை எந்த மொழியில் ஆடினாலும் சீனத்திலேயே ஒலிக்கவிட்டார்கள். பல நாட்டு மேடைப் பாடகர்கள் அதைத் தங்கள் பாணியில் பாடிப் பதிவேற்றினார்கள். மொழிபெயர்க்காமல் விட்ட இடம்தான் அங்கேயும் கடல் தாண்டியது.

கேம் சயின்ஸ் அடுத்து ஜோங் குய்யை எடுத்திருக்கிறது. அறிவிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. தேர்வில் வென்றும் முகம் அவலட்சணம் என்று பதவி மறுக்கப்பட்டதால் அரண்மனைப் படியில் தலையை மோதி இறந்து, பிறகு பேய்களை அடக்கும் அதிகாரியான தெய்வம் அது. வுகோங்கைப் போல ஜப்பான் வழியாக நாற்பது வருட விளம்பரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த விளையாட்டு வெளிநாட்டில் எப்படிப் போகிறது என்பதைத்தான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டாம் அத்தியாயத்துக்குள் போவதற்கு முன் அமைப்புகளில் குரலைச் சீனத்துக்கு மாற்றிவிடுங்கள், சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மஞ்சள் காற்று மலையில் மணலுக்கு நடுவே தலையில்லாத ஒருவர் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடுவார். வட ஷான்ஷி பக்கம் கண்ணிழந்த பாணர்கள் ஊர் ஊராகப் போய்க் கதை சொன்ன பாணி அது; வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ஏற்ற இறக்கம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். (கோயில்கள் உள்ள ஷான்ஷி வேறு, இது அதன் மேற்கே மஞ்சள் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஷான்ஷி, எழுத்தும் வேறு, தமிழில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) செழிப்பாக இருந்த அந்த நிலம் எப்படிப் பாழானது என்றுதான் பாடுகிறார். சுற்றி எதிரி யாரும் வர மாட்டார்கள். அவர் முடிக்கும்வரை நில்லுங்கள்.